கழற்றினால் நீக்கம்

ஹெல்மெட் தண்ணீர் குடித்தது.

சாயப்பட்டறைத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்த அடுத்த நொடியே 'களுக் களுக்' என்று ஆரம்பித்து, நாலு நாள் தாகம் எடுத்த எருமை மாதிரி உறிஞ்சித் தள்ளியது. ஜோசப்ராஜ் அதை ஒரு மூங்கில் கம்பால் தூக்கினான். பட்டு நூல் சிட்டம் எடை போடுகிற கொக்கித் தராசில் மாட்டினான். முள் சரசரவென்று இறங்கியது.

"காயும்போது ஒண்ணேகால் கிலோ. நனைஞ்சா ஒண்ணே முக்கால்" என்றான். "செல்வி, இத மாட்டிகினு நீ உப்பங்கழியில வுழுந்தா தல பத்திரமாத்தான் இருக்கும். கழுத்துதான் எங்க இருக்குதுன்னு தேடணும்."

"அடுத்தது" என்றாள் ஆரோக்கியசெல்வி.

ஓரமாக நின்றிருந்த தனகோடிக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. காந்தி ரோட்டில் ஸ்கூட்டர் சாமான் கடை வைத்திருப்பவர். ஹெல்மெட் கட்டாயம் ஆகப்போகிறது என்று பேப்பரில் பேச்சு அடிபட்டதை நம்பி, மெட்ராஸிலிருந்து ஒரு மூட்டை ஹெல்மெட் இறக்கி வைத்திருந்தார். ஆரணியில் அதுவரை ஒரு தலைகூட அதற்குள் நுழையவில்லை.

"இன்னா டீச்சர் இது? ஹெல்மெட்னா ஜனங்க தலயில போட்டுப் பார்ப்பாங்க. கண்ணாடியில மூஞ்சப் பார்ப்பாங்க. தண்ணியில முக்கிப் பாக்குற மொத ஆளு நீங்கதான். நாளைக்கு இத நான் யார்கிட்ட விக்கிறது?"

"கழுவி வச்சதுன்னு சொல்லி வில்லுங்க."

"பேஜாரு புடிச்ச குடும்பம்பா" என்று முனகினாலும் தனகோடி இடத்தை விட்டு நகரவில்லை. கடையில் ஈ ஓட்டுவதைவிட இது சுவாரஸ்யமாக இருந்தது.

செல்வி சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தாள். படிக்கத் தேவையே இல்லை. மூன்று நாளாகப் படித்துப் படித்து மனப்பாடம் ஆகியிருந்தது.

'ஜனவரி 26 ஞாயிறு அன்று முட்டுக்காட்டில் நடைபெறும் விண்ட்சர்ஃபிங் தேர்வுப் பந்தயத்தில், சென்ற அக்டோபரில் ஏற்பட்ட விபத்தைக் கருதி, மிஸ் ஆரோக்கியசெல்வி தலைக்கவசம் அணிந்தால் மட்டுமே அனுமதிக்கப்படுவார். பந்தயம் முடியும் வரை கவசம் தலையில் இருக்க வேண்டும். கழற்றினால் நீக்கம்.'

கீழே விண்ட்சர்ஃபிங் கழகச் செயலாளர் சக்கரவர்த்தியின் கையெழுத்து. கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனால் 'நீக்கம்' என்ற சொல் மட்டும் தெளிவாக டைப் அடிக்கப்பட்டிருந்தது.

பாய் கட்டிய பலகை மேல் நின்று காற்றில் ஓட்டுகிற பந்தயம். இறங்குகிறவர்கள் பத்தொன்பது பேர். அதில் பெண் இவள் ஒருத்தி. முதல் மூன்று இடத்தில் வருகிறவர்கள் தமிழ்நாட்டு அணியில் பம்பாய் தேசியப் போட்டிக்குப் போவார்கள். முதல் இரண்டு இடம் யாருக்கு என்பது கரையில் கிடக்கும் நண்டுக்குக்கூடத் தெரியும். கடற்படைக்காரர்கள் இரண்டு பேர், மற்றவர்களால் கிட்டே நெருங்க முடியாது. சண்டை மூன்றாவது இடத்துக்குத்தான். அந்த மூன்றாவது இடத்தின் மேல் கண் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒன்று செல்வி. மற்றது, சக்கரவர்த்தியின் அக்கா மகன் ரகு.

அக்டோபர் விபத்து நிஜம். காற்று திடுமென்று செத்துப்போனதில் செல்வி மல்லாக்க விழுந்தாள். பாய்மரம் அவள் மேலேயே விழுந்தது. பொட்டுக்கு மேலே ஏழு தையல். அதே மாதத்தில் ரகுவுக்கு நாலு தையல், கடற்படைக்காரர் ஒருவருக்குக் காது மடல் கிழிசல். ஆனால் கடிதம் வந்தது ஒரே ஒரு விலாசத்துக்கு.

தண்ணீரில் போடுகிற ஹெல்மெட் மெட்ராஸில் எந்தக் கடையிலும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மூன்று மாதம் ஆகும். பந்தயத்துக்கு இருந்தது பத்தே நாள். இதெல்லாம் சக்கரவர்த்திக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதியிருந்தார்.

கடிதம் வந்த அன்று ஸ்கூல் விளையாட்டு மைதானத்தில் நின்றுகொண்டே அதைக் கிழிக்கப் போனாள். பாதி வரை விரல் போய்விட்டது. அப்புறம் நிறுத்தினாள். கிழித்துப் போட்டுவிட்டு மெட்ராஸுக்குப் போய் 'இது அநியாயம்' என்று சண்டை போடலாம். கமிட்டி கூடும். டீ குடிக்கும். ஆலோசிக்கும். அதற்குள் பந்தயம் முடிந்திருக்கும். பிறகு நியாயம் கிடைத்தால் அதை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஹெல்மெட்தானே கேட்டாய்? போட்டுக்கொண்டு வருகிறேன். என்ன ஹெல்மெட் என்று நீ எழுதவில்லையே!

"அண்ணா, இந்த ரெண்டாவதையும் முக்கு."

இரண்டாவது ஹெல்மெட்டும் குடிகாரன்தான். அதோடு காதை முழுசாக மூடியது. மாட்டிக்கொண்டு நின்றால் பக்கத்தில் ஜோசப்ராஜ் வாயசைப்பது மட்டும்தான் தெரிந்தது. காற்று திசை மாறுகிறபோது முதலில் சேதி சொல்வது காதுதான். காதை அடைத்துக்கொண்டு பலகை மேல் நிற்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டுகிற மாதிரி.

"வேணாம்" என்றாள்.

"இருக்கறதே நாலு மாடல்தாம்மா" என்று தனகோடி கும்பிட்டார். "மீதி ரெண்டையாச்சும் வுட்டுடுங்க. வயித்துல அடிக்காதீங்க."

மறுநாள் மஞ்சளாக ஒன்று வந்தது. ராணிப்பேட்டை கம்பெனியில் ஷிஃப்டு பார்க்கும் திருமலை கொண்டுவந்து கொடுத்தான். ஜோசப்ராஜோடு கூடப் படித்தவன். கம்பெனியில் ஆள் மாற்றியபோது கழித்துக் கட்டிய தொழிற்சாலைத் தொப்பி அது. பிளாஸ்டிக். முன்னால் கொக்கு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் விளிம்பு.

தராசில் மாட்டினார்கள். முன்னூற்று ஐம்பது கிராம். தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். மறுபடி முன்னூற்று ஐம்பது.

அண்ணனும் தங்கையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடி தாங்குமா?" என்றாள் செல்வி.

அதற்குத்தான் பூசணிக்காய். ஜோசப்ராஜ் வீட்டுக்குள் போய்ப் பரணில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தான். பட்டறைத் தரையில் வைத்தான். அதன் தலையில் மஞ்சள் தொப்பியைக் கவிழ்த்தான். ஏணி மேல் ஏறி, இரண்டு கிலோ படிக்கல்லை நேராகக் குறி பார்த்து விட்டான்.

'டங்!'

தொப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. பூசணிக்காய் இரண்டாக வாய் பிளந்து கிடந்தது.

சத்தம் கேட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்து ஓடிவந்தாள் அமலோற்பவம். பிளந்த காயைப் பார்த்தாள். மகளின் நெற்றித் தழும்பைப் பார்த்தாள். மறுபடி காயைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம கொழம்புக்கு வச்சிருந்தேன்டா பாவிங்களா!"

"கொழம்புக்குத்தாம்மா ஒடச்சிக் குடுத்தோம்" என்றான் மகன்.

"நீ பேசாத. அவ பலக மேல நின்னுகினு ஆடறா, நீ கீழ நின்னுகினு தாளம் போடற. ஏண்டி, ஊரு ஒலகத்துல பொண்ணுங்க மண்டைய ஒடச்சிக்கினா புருஷன் ஒடச்சான்னு சொல்லுவாங்க. நீ கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே ஒடச்சிகினு வந்து நிக்கிற."

"அந்த வேலைய மிச்சம் பண்ணிட்டேன்ல?"

அமலோற்பவம் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குரல் மாறிக் கேட்டாள். "இது போடலன்னா வுட மாட்டேங்குறானா அந்த ஆளு?"

"ஆமா."

"போட்டா?"

"வுட்டுத்தான் ஆவணும்."

"அப்ப போடு. ஆனா பூசணிக்கா ஒடயாத மாதிரி ஏற்பாடு பண்ணிட்டுப் போடு. இல்லன்னா நானே வுட மாட்டேன். உனக்கு அந்தாளு ஒருத்தன்தான் வில்லன்னு நெனச்சிகினு இருக்காத."

அன்றைக்கு ஆரம்பித்தது வேலை. ஜோசப்ராஜ் ஆக்ஸா பிளேடால் கொக்கு மூக்கை அறுத்தான். விளிம்பையும் அறுத்தான். விழுகிற வேகத்தில் விளிம்பில் தண்ணீர் மாட்டினால் கழுத்தைச் சுளுக்கிவிடும் என்று செல்வி சொல்லியிருந்தாள். உச்சியில் எட்டு ஓட்டை போட்டான், உள்ளே போன தண்ணீர் பொசுக்கென்று வெளியேறுவதற்கு. அறுத்த இடமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். உள்ளே என்ன வைப்பது? பஞ்சு வைத்தால் ஊறும். தனகோடி கடைச் சரக்கில் இருந்த ஸ்பாஞ்சைப் பற்றித்தான் ஏற்கெனவே தெரியும்.

செல்வி தன் காலைக் குனிந்து பார்த்தாள். ஹவாய் செருப்பு.

மூன்று ஜோடி ஹவாய் செருப்பு பலியானது. ரப்பரைக் கீற்றுக் கீற்றாக வெட்டி உள்ளே ஒட்டினார்கள். இன்னொரு பூசணிக்காய் வாங்கி, இன்னொரு தடவை படிக்கல். இந்தத் தடவை காயில் ஒரு கீறல் இல்லை. அமலோற்பவம் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனாள். அதுதான் சம்மதம்.

ஒரே ஒரு தொல்லை. ரப்பர் தலைமுடியைக் கவ்விப் பிடித்தது. மாட்டிக் கழற்றினால் ஒரு கொத்து முடி கூடவே வந்தது.

"மேல துணி ஒட்டித் தச்சிடலாம்" என்றாள் அமலோற்பவம். "காடாத் துணியா?"

"காடா ஊறும்மா. பட்டுதான் சட்டுன்னு காயும்" என்றான் ஜோசப்ராஜ். பட்டறைப் பரணிலிருந்து ஒரு முழத் துண்டை உருவினான். தறியில் கடைசியாக அறுத்த துண்டு. அரக்கு நிறம், அவனே போட்ட சாயம். "ஏழு அலசு அலசினாலும் சொட்டு எறங்காது. வேலூர் கடைக்காரங்க என் அரக்குன்னா கண்ண மூடிகினு வாங்குறாங்க."

"தண்ணியிலேயே இருக்கப் போவுதுண்ணா."

"இரு, உன் கண்ணு முன்னாடியே பார்த்துடலாம்." தொட்டியில் போட்டுக் கசக்கிப் பிழிந்தான். தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது. "பார்த்துக்க!"

செல்வி பார்த்துக்கொண்டாள். அவர்கள் மூன்று பேருமே பார்த்துக்கொண்டார்கள். நாலு தலைமுறையாகப் பட்டோடு புழங்குகிற குடும்பம். சாயம் போகுமா போகாதா என்பதை எப்போதும் எதில் பார்ப்பார்களோ அதில்தான் பார்த்தார்கள். பட்டறைக் கிணற்று நல்ல தண்ணீரில். அவர்கள் நெய்த புடவை எதுவும் இதுவரை கடலில் குளித்ததில்லை.

அமலோற்பவம் பட்டுத் துண்டை ரப்பர் மேல் இழுத்துத் தைத்தாள். தாடைக்கு நாலு மடிப்புப் பட்டை வைத்தாள். தாடை பிய்ந்தாலும் வார் பிய்யாது என்கிற அளவுக்குத் தையல்.

ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டில் காற்று ஊளையிட்டது. உப்பங்கழி முழுக்க வெள்ளை நுரை. கரையில் ஜனம். பத்தொன்பது பலகைகள், பத்தொன்பது பாய்கள், வரிசையாகப் படபடத்தன.

சக்கரவர்த்தி வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட்டில் மெகாஃபோனும் கையுமாக நின்றார். செல்வி வருவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வருத்தம் தயாராக இருந்தது. 'ஸாரி, அடுத்த வருடம் பார்க்கலாம்' என்கிற வருத்தம். அவள் கையில் இருந்த மஞ்சள் வஸ்துவைப் பார்த்ததும் அது குழம்பிப்போனது.

"என்னது இது? சோத்துச் சட்டியா?"

"ஹெல்மெட் சார்."

வாங்கிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டார். "பட்டு! பட்டு ஹெல்மெட்! ஆரணிக்காரங்கன்னு நிரூபிச்சிட்டீங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "மிஸ் ஆரோக்கியசெல்வி, இது ஒரு அங்கீகரிக்கப்பட்ட கவசம் கிடையாது."

செல்வி கடிதத்தை எடுத்தாள். சிரிப்பு அடங்குகிற வரை காத்திருந்தாள். பிறகு பி.டி. பீரியடில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் வாசித்தாள். "'தலைக்கவசம் அணிந்தால் மட்டுமே அனுமதிக்கப்படுவார்.' இதுல அங்கீகாரம்னு எங்க சார் இருக்கு? எனக்குத் தெரியல, நீங்க காட்டுங்க."

சக்கரவர்த்தி கடிதத்தை வாங்கினார். தேடினார். அவரே எழுதியது. அவருக்கே கிடைக்கவில்லை.

"சரி" என்றார், பல் இடுக்கில். "ஆனா கடைசி வரியையும் படிச்சீங்கதானே?"

"மனப்பாடம் சார்."

மூன்று சுற்று. இரண்டு மிதவையைச் சுற்றி வர வேண்டும். கொடி இறங்கியதும் பத்தொன்பது பாய்களும் ஒரே நேரத்தில் காற்றைக் கவ்வின.

முதல் சுற்றில் செல்வி ஏழாவது. அவசரப்படவில்லை. காற்று காதில் சேதி சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டாவது சுற்றில் ஐந்தாவது. பிறகு நாலாவது. முன்னால் கடற்படைக்காரர்கள் இரண்டு பேர் சின்னப் புள்ளியாகப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ரகுவின் சிவப்புப் பாய். அதற்கும் இவளுக்கும் நாற்பது அடி இருக்கும்.

மிதவையைத் திரும்பும்போது காற்று அறைந்தது.

அறைந்தது என்றால் பிடரியில் விட்ட அறை. பாய் அவள் கையைப் பிடுங்கியது. கால் வழுக்கியது. மல்லாக்க விழுந்தாள். வானம் தெரிந்தது. வானத்துக்குக் குறுக்கே பாய்மரம் இறங்குவது தெரிந்தது.

'டங்!'

உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. ஒரு கணம் எல்லாம் பச்சை. பிறகு மேலே வந்தாள். ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் சளசளவென்று இறங்கித் தலை லேசானது. தொட்டுப் பார்த்தாள். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. உச்சியில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

வலி இல்லை. அக்டோபரில் இதே அடிக்கு ஏழு தையல் போட்டார்கள். இன்றைக்கு வலிகூட இல்லை.

பலகையில் ஏறினாள். கயிற்றைப் பிடித்துப் பாயை நீரிலிருந்து தூக்கினாள். அப்போதுதான் நெற்றியில் சூடாக ஏதோ வழிந்தது. இல்லை, சூடு இல்லை. குளிர்ச்சிதான். கண்ணோரமாக இறங்கிக் கன்னத்தில் வழிந்து தாடையில் சொட்டியது. வெள்ளைப் பனியனில் விழுந்தது.

சிவப்பு.

கரையில் ஒரு பெண் வீலென்று கத்தினாள். அந்தக் கத்தல் ஊர் முழுக்கப் பரவினது மாதிரி ஜனம் எழுந்து நின்றது. "ரத்தம்! மண்ட ஒடஞ்சிடுச்சி!" மீட்புப் படகு உறுமிக்கொண்டு கிளம்பியது. ஓட்டியவன் ஜெயவேல், கோவளத்து மீனவன். பக்கத்தில் மெகாஃபோனோடு சக்கரவர்த்தி.

"நிறுத்துங்க! மிஸ் ஆரோக்கியசெல்வி, பாயை விடுங்க! படகுல ஏறுங்க!"

படகில் ஏறினால் போச்சு. படகிலிருந்து ஒரு கை பலகையைத் தொட்டால்கூடப் போச்சு. அது எல்லாருக்கும் பொதுவான விதி.

செல்வி நெற்றியைத் துடைத்து விரலைப் பார்த்தாள். பார்த்ததும் பயம் அத்தனையும் எரிச்சலாக மாறியது. ரத்தம் இந்த நிறத்தில் இருக்காது. இந்த நிறத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுச் சுவரில், அண்ணன் நகக்கண்ணில், வாசல் காவாயில்.

அட ஜோசப்ராஜு! சொட்டு இறங்காதாம், சொட்டு!

"ரத்தம் இல்ல சார்! சாயம்!"

"என்னது?"

"சாயம்! பட்டுச் சாயம்! உப்புத் தண்ணியில விட்டுடுச்சி!"

"அடிபட்ட அதிர்ச்சியில பேசறா" என்றார் சக்கரவர்த்தி. "ஜெயவேல், கிட்ட போய்ப் பலகையைப் பிடிய்யா!"

"சார், எனக்கு ஒண்ணும் இல்ல!"

"ஒண்ணும் இல்லன்னா ஹெல்மெட்டைக் கழற்றிக் காட்டுங்க!"

இதுதான் பொறி. கழற்றினால் நீக்கம். கழற்றாவிட்டால் மீட்பு. இரண்டு வழியும் கரைக்குத்தான் போகிறது. ரகுவின் சிவப்புப் பாய் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து ஒருவன் அவளைக் கடந்து போனான். இன்னொருவனும்.

ஜெயவேல் படகை நெருக்கிக் கொண்டுவந்தான். இரண்டு கை தூரம். ஒரு கை தூரம்.

செல்வி பாயை ஒற்றைக் கையில் பிடித்தாள். மற்றக் கையின் விரல்களை நெற்றியோரம் ஹெல்மெட்டுக்கு அடியில் நுழைத்தாள். பட்டின் ஓரம் தட்டுப்பட்டது. அம்மாவின் தையல். வார்த் தையலில் காட்டிய கெட்டித்தனத்தை இதில் காட்டியிருக்கக் கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டு இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தரம். 'சர்ர்' என்று கிழிந்தது. அரக்குப் பட்டு, நாலு கொத்து முடியோடு வெளியே வந்தது. ஹெல்மெட் இருந்த இடத்திலேயே இருந்தது. தாடை வார் இம்மிகூட நகரவில்லை.

ஈரத் துணியைச் சுருட்டிப் படகுக்குள் எறிந்தாள்.

"அண்ணே! மீனு அறுக்குற கைதான உங்க கை? பிழிஞ்சு பாத்துச் சொல்லுங்க, ரத்தமா அது?"

ஜெயவேல் பிழிந்தான். கொஞ்சம் வேகமாகவே பிழிந்தான். அரக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சக்கரவர்த்தியின் வெள்ளைப் பேண்ட்டில் தொடையிலிருந்து முழங்கால் வரை கோலம் போட்டது. விரலை மூக்கில் வைத்து மோந்தான். நாக்கில் தொட்டான். கழிக்குள் துப்பினான்.

"சாயம் சார். கசக்குது. ரத்தம்னா எனக்குத் தெரியாதா? ரத்தம்னா துணியில இருந்து போயிடும் சார். இது உங்க பேண்ட்ட வுட்டுப் போவாது."

"நீ பலகையைப் பிடிய்யா முதல்ல!"

"அடிபட்டவங்களத்தான் நான் புடிக்கணும் சார். இந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆவல" என்று சொல்லி ஜெயவேல் எஞ்சினைப் பின்னுக்கு இழுத்தான். பிறகு இவள் பக்கம் திரும்பிக் கத்தினான். "இன்னாம்மா வேடிக்க? ஜல்தி போ!"

செல்வி போனாள்.

ஆறாவது இடத்திலிருந்து கடைசிச் சுற்று. ரப்பர் தலைமுடியைப் பிய்த்தது. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு முடி. பிய்க்கட்டும். முகமெல்லாம் சிவப்பு வழிய, பாய்மரத்தோடு ஒட்டிக்கொண்டு, கழியின் தெற்கு ஓரமாக இறங்கினாள். எல்லாரும் நடுவில் போனார்கள். நடுவில் அலை. தெற்கே தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக இருண்டிருந்தது. அங்கே காற்று அடிக்கிறது என்று அர்த்தம்.

ஒருவனைத் தாண்டினாள். அவன் திரும்பிப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு, 'ஐயோ!' என்று பாயை விட்டுவிட்டான். அது அவள் தப்பில்லை. இன்னொருவனையும் தாண்டினாள். முன்னால் ரகு.

கடைசி மிதவையை ரகு அகலமாகச் சுற்றினான். விழுந்துவிடக் கூடாது என்கிற பயம். மண்டைக்கு மேல் பாய்மரம் ஆடுகிறபோது எல்லாருக்கும் வருகிற பயம்தான். செல்விக்கு அது போய்விட்டிருந்தது. இன்றைக்கு ஒரு தடவை மரம் விழுந்து, அவள் எழுந்தும் ஆகிவிட்டது. மிதவையை முழங்கை உரசுகிற மாதிரி திரும்பினாள். பலகை சாய்ந்தது. விழவில்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் கரையை நோக்கிப் பறந்தார்கள். ரகு ஒரு கணம் தலையைத் திருப்பிப் பார்த்தான். செல்வி பார்க்கவில்லை. அந்த ஒரு கணம்தான்.

அரைப் பலகை வித்தியாசம். மூன்றாவது இடம்.

கரையில் டாக்டர் பையோடு ஓடிவந்தார். அவருக்கு முன்னால் சக்கரவர்த்தி வந்தார், ஒரு கால் வெள்ளை, ஒரு கால் அரக்கு.

"ஹெல்மெட்டைக் கழற்றுங்க. டாக்டர் பார்க்கணும்."

"மொதல்ல பேர எழுதுங்க சார்."

"என்ன?"

"போர்டுல மூணாவதா என் பேர எழுதுங்க. எழுதினப்புறம் கழற்றறேன். பந்தயம் முடியற வரைக்கும்னு சொன்னீங்க. நீங்க எழுதறப்பதான் எனக்குப் பந்தயம் முடியுது."

"பந்தயத்துக்கு நடுவுல கவசத்தோட ஒரு பகுதியை நீங்க பிரிச்சு எறிஞ்சிருக்கீங்க. அது..."

"ஹெல்மெட் தலயில இருக்கணும்னீங்க. இருக்குது. தட்டிப் பாருங்க." குனிந்து தலையைக் காட்டினாள். "உள்ள பட்டு இருக்கணும்னு எழுதி இருந்தீங்கன்னா அதையும் வச்சிருப்பேன்."

ஜனம் கூடிவிட்டது. இந்தத் தடவை சிரித்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கடற்படைக்காரர்களில் மூத்தவர் ஒருவர் சாக்பீஸை எடுத்துச் சக்கரவர்த்தியிடம் நீட்டினார். சும்மாதான் நீட்டினார். சக்கரவர்த்தி சாக்பீஸைப் பார்த்தார். ஜனத்தைப் பார்த்தார். தன் பேண்ட்டைப் பார்த்தார்.

எழுதினார். 'ஆரோக்கியசெல்வி' நீளமான பெயர். ஒரு எழுத்து விடாமல் எழுதி முடிக்கும் வரை அவள் நின்று பார்த்தாள். பிறகுதான் வாரை அவிழ்த்தாள்.

டாக்டர் தலையெல்லாம் தடவிப் பார்த்தார். காயம் இல்லை. அங்கங்கே முடி போயிருந்தது. காது வரைக்கும் அரக்கு. டாக்டர் ஹெல்மெட்டை வாங்கி உச்சியில் இருந்த விரிசலில் விரலை ஓட்டினார். "இது இல்லன்னா இன்னிக்கு உங்களை ஜி.எச்.சுக்குத்தான் எடுத்துட்டுப் போயிருப்போம்" என்றார். பக்கத்தில் ரகு நின்றிருந்தான். தோற்ற முகம். ஆனாலும் அவன் கையும் அந்த விரிசலைத் தொட்டுப் பார்த்தது. அப்படியே ஏறித் தன் நாலு தையலையும் தடவிக்கொண்டது.

சக்கரவர்த்தி போகிற போக்கில் சொன்னார். "பம்பாய்ல இந்த ரூல் கிடையாது. அங்கே இந்தச் சட்டியை எல்லாம் எடுத்துட்டு வந்து தமிழ்நாட்டு மானத்தை வாங்காதீங்க. நீங்க ஹெல்மெட் போட வேண்டிய அவசியம் இல்லை."

"அவசியம் இல்லன்னு எழுதிக் குடுக்காதீங்க சார்" என்றாள் செல்வி. "எழுதிக் குடுத்தாலும் போடுவேன். இன்னிக்கு நீங்க சொன்னீங்கன்னு போட்டேன். பம்பாயில நீங்க வேணாம்னு சொன்னதுக்கப்புறம் போடப் போறேன். ஆமா, கடிதம் பதினெட்டு பேருக்கு அனுப்பாம வுட்டீங்களே, அத எப்ப அனுப்புவீங்க?"

அவர் நடையைக் கூட்டினார். ஆனால் ரகு திரும்பி மாமாவைப் பார்த்தான். பார்த்த பார்வை நன்றாக இல்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜோசப்ராஜ் வந்தான். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கரையில் நின்று, தங்கை முகத்தில் சிவப்பு வழிவதைப் பார்த்ததிலிருந்து அவன் முகத்தில் ரத்தம் இல்லை. மற்றவர்கள் ரத்தம் என்று பதறினார்கள். அவன் பார்த்த மாத்திரத்தில் சாயம் என்று கண்டுகொண்டான். அதுதான் அவனுக்குப் பெரிய அடி.

"உப்புத் தண்ணி" என்றான். "உப்புத் தண்ணியில பாக்காம வுட்டுட்டேன். நானு! பதினஞ்சு வருஷமா சாயம் போடறவன்!"

"வேலூர் கடைக்காரங்ககிட்ட சொல்லிடாத."

"பேசாதடி. பம்பாய்க்கு வேற போடறேன். கடல் தண்ணி கேன்ல எடுத்துகினு போயி, அதுலயே அலசிப் பாத்து, கறுப்பா போட்டுத் தரேன். ஓடினாக்கூட ரத்தம்னு எவனும் சொல்ல மாட்டான்."

"சாயமே வேணாம்ண்ணா. வெள்ளையா வை."

"வெள்ளப் பட்டா? பட்டறைக்காரன் வூட்டுல இருந்து வெள்ளப் பட்டு போனா ஜனங்க இன்னா சொல்லுவாங்க?"

"நெஜமாவே அடிபட்டுச்சின்னா தெரியணும்ல" என்றாள் செல்வி. ஹெல்மெட்டைத் திரும்பவும் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பலகையைத் தூக்கி வைக்கக் கழிப் பக்கமாக நடந்தாள்.